பதக்க விளிம்பில் ஒரு பெயர்: மெய்யா, பொய்யா?

விட்பி நகரிலும் அதனை அடுத்துள்ள அஜாக்ஸ், பிக்கறிங், ஒஷாவா ஆகிய இடங்களிலும் எம்மவர் குடும்பங்கள் இன்று பெருந்தொகையாக வாழ்கின்றன. இம் மண் போர்களோடு நெருங்கிய தொடர்புடையது என்பதை எம்மில் எத்தனை பேர் அறிவோம்? அஜாக்ஸ் என்னும் பெயரே 1939ஆம் ஆண்டு பிளேட் ஆற்று முகத்துவாரச் சமரில் ஈடுபட்ட ஒரு போர்க்கப்பலின் பெயராகும். 1941இல் அங்கே எழுந்த வெடிகுண்டுத் தொழிற்சாலையைச் சுற்றியே அவ்வூர் வளர்ந்தது. ஆதலால் கோடை காலத்தில் இப் பகுதிகளில் நடைபெறும் கராஜ் விற்பனைகளிலும் பழம்பொருட் சந்தைகளிலும், பிளாஸ்ரிக் விளையாட்டுப் பொருட்களுக்கும் பழைய கோப்பைகளுக்கும் இடையே ஒரு போர்ப்பதக்கமோ, பெயர் செதுக்கிய சிகரெட் பெட்டியோ, கைப்பிடியில் எழுத்துள்ள கத்தியோ கண்ணிற்படுவது வியப்பன்று.

எம்மவர் சிலருடைய பெட்டிகளிலும் இத்தகைய பொருட்கள் உள்ளன. மலாயாவிலோ இந்தியப் படையிலோ கடமையாற்றிய பாட்டனாரின் பதக்கம் ஒன்று, தாலிக்கொடியோடும் பிறப்புச் சான்றிதழ்களோடும் சேர்ந்து கடல் கடந்து வந்திருக்கும். சந்தையில் வாங்கியதாயினும் சரி, பெட்டியில் வந்ததாயினும் சரி, கேள்வி ஒன்றே. அதிற் பொறித்துள்ள பெயர் உண்மையானதா?

இக் கேள்வி எமக்குப் புதியதன்று. போரில் வீழ்ந்தவனுக்குக் கல்நட்டு, அதில் பெயரும் பீடும் எழுதிய மரபு எமது மரபு. காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுதல் எனத் தொல்காப்பியம் அதற்குத் துறைகளே வகுத்துள்ளது. 2006ஆம் ஆண்டில் தேனி மாவட்டத்துப் புலிமான்கோம்பையில் தமிழ்ப் பிராமி எழுத்துள்ள நடுகற்கள் கண்டுபிடிக்கப்பட்டபோது, அறிஞர் அவற்றின் காலத்தை அறிய முதலில் நாடியது எழுத்தின் வடிவத்தையே. நிலத்துக்கு உரிமை கொண்டாடுவதற்காகப் பிற்காலத்தில் எழுதப்பட்டு, முன்னைய மன்னர் பெயரைத் தாங்கிய போலிச் செப்பேடுகளையும் அவர்கள் இவ்வாறே பிரித்தறிந்தனர். மன்னன் ஒரு நூற்றாண்டிலும் எழுத்து இன்னொரு நூற்றாண்டிலும் நின்றால் ஏடு தானே தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும். கல்லுக்கும் செம்புக்கும் பொருந்திய இம் முறை, வெள்ளிப் பதக்கத்துக்கும் பொருந்தும்.

ஒரு பதக்கம் காட்டிய கல்லறை

இவ் ஒன்ராறியோ மாகாணத்திலேயே நிகழ்ந்த ஓர் உண்மை வரலாற்றை முதலில் நோக்குவோம்.

பஞ்சாப்பில் 1893இல் பிறந்த புக்கம் சிங் என்னும் சீக்கிய இளைஞர், 1907இல், பதினான்கு வயதில் பிரிட்டிஷ் கொலம்பியாவுக்கு வந்து சேர்ந்தார். பின்னர் ஒன்ராறியோவுக்கு வந்து, விட்பிக்கு மேற்கே, இன்றைய பிக்கறிங் நகரின் ஒரு பகுதியாகவுள்ள ரோஸ்பாங்கில் பண்ணைத் தொழிலாளியாக வேலை செய்தார். 1915ஆம் ஆண்டு இளவேனிற் காலத்தில் ஸ்மித்ஸ் ஃபோல்ஸ் என்னும் ஊரில் கனடியப் படையின் 59ஆம் பட்டாலியனிற் சேர்ந்தார். 1916இல் 20ஆம் பட்டாலியனோடு பெல்ஜியத்துப் போர்முனையில் நின்று இருமுறை காயமடைந்தார். பின்னர் காசநோய் பற்றிக்கொள்ளக் கனடாவுக்குத் திருப்பி அனுப்பப்பட்டு, 1919ஆம் ஆண்டு ஓகஸ்ட் 27ஆம் நாள் கிச்சினரில் உள்ள மருத்துவ நிலையமொன்றில் இறந்தார். அப்போது அவருக்கு வயது இருபத்தைந்து. உற்றார் எவரும் அருகில் இல்லை. மவுண்ட் ஹோப் இடுகாட்டில் அடக்கம் செய்யப்பட்ட அவரை, ஏறத்தாழத் தொண்ணூறு ஆண்டுகள் எவரும் நினைத்தாரில்லை.

இந்நூற்றாண்டின் முதற் பத்தாண்டில், சந்தீப் சிங் பிரார் என்னும் வரலாற்றாய்வாளர் இங்கிலாந்தில் அடைவு கடையொன்றிலிருந்த வெற்றிப் பதக்கமொன்றைக் கண்டார். முதல் உலகப் போரில் இலட்சக்கணக்கில் வழங்கப்பட்ட சாதாரண வெண்கலப் பதக்கமே அது. ஆனால் அதன் விளிம்பிலே ஒரு சீக்கியப் பெயரும் கனடியப் படைப்பிரிவும் ஒன்றாக நின்றன. அக்காலக் கனடியப் படையிற் சேர்ந்த சீக்கியர் பத்துப்பேர் அளவிலேயே அறியப்பட்டுள்ளனர். ஆய்வாளர் அவ் விளிம்பெழுத்தைப் பிடித்துக்கொண்டு படைப்பதிவேட்டுக்குச் சென்றார். பதிவேட்டிலிருந்து மருத்துவக் குறிப்புக்கும், அங்கிருந்து கல்லறைக்கும் சென்றார். இன்று ஆண்டுதோறும் நினைவு நாளையொட்டிச் சீக்கிய மக்கள் அக் கல்லறையின் முன் கூடுகின்றனர்.

இங்கு நாம் கவனிக்கவேண்டியது ஒன்று. அப் பதக்கத்தை மெய்யெனக் காட்டியது அதிலுள்ள பெயர் மட்டுமன்று. பெயர் ஒரு கூற்று, அவ்வளவே. உலோகமும், எழுத்தும், காகிதமும், கல்லறையும் ஒன்றையொன்று அறியாத சாட்சிகளாக நின்று அக் கூற்றை உறுதிசெய்தன. அச் சாட்சிகளை ஒவ்வொன்றாக விசாரிப்போம்.

எழுத்தின் சாட்சி

முதல் உலகப் போரின் பிரித்தானியப் போர்ப்பதக்கம் வெள்ளியாலானது. 36 மில்லிமீற்றர் விட்டமுடையது. அதன் விளிம்பில் படைவீரரின் இலக்கம், தரம், பெயர், பிரிவு ஆகிய நான்கும் இருக்கும். இவை உளியாற் செதுக்கப்பட்டவை அல்ல. எழுத்து அச்சுக்களால் அழுத்திப் பொறிக்கப்பட்டவை. இவ் வேறுபாடு மிக முக்கியமானது.

சீதனச் செம்பிலும் குடத்திலும் பெயர் வெட்டுவித்த எம்மவர்க்கு இது எளிதில் விளங்கும். உளிகொண்டு வெட்டும்போது உலோகம் சீவி எடுக்கப்படுகிறது. கோடு தொடங்குமிடமும் முடியுமிடமும் ஒடுங்கி, நடுவில் அகன்று, கையின் நடுக்கத்தையும் காட்டும். அச்சினால் அழுத்தும்போது உலோகம் எடுக்கப்படுவதில்லை; பக்கங்களுக்குத் தள்ளப்படுகிறது. ஒரே பெயரில் இருமுறை வரும் ஓர் எழுத்து இருமுறையும் அச்சொட்டாக ஒரே வடிவில் இருக்கும். பத்து மடங்கு பெருப்பிக்கும் பூதக்கண்ணாடி ஒன்று இருந்தால் வீட்டு மேசையிலேயே இதனைக் கண்டுகொள்ளலாம். இக்கால இயந்திரத்தின் ஒளிக்கற்றையாற் பொறித்த எழுத்தோ தொடக்கம் முதல் முடிவு வரை ஒரே ஆழத்தில், உயிரற்றுக் கிடக்கும்.

அடுத்துப் பழமையைப் பார்த்தல் வேண்டும். நூறாண்டு பழைய எழுத்தின் ஓரங்கள் மழுங்கியிருக்கும். பள்ளங்களில் கறுப்புப் படிந்திருக்கும். பதக்கத்தின் முகம் தேய்ந்திருக்க எழுத்து மட்டும் கூராகவும் பளபளப்பாகவும் இருப்பின் ஐயுறவேண்டும். பழைய பெயரை அராவி நீக்கிவிட்டுப் புதுப்பெயர் பொறிப்பது மோசடிக்காரரின் நெடுநாளைய தொழில். அராவிய விளிம்பு மெலிந்துவிடும். பாடசாலையிற் கற்ற வேணியர் இடுக்குமானியால் விட்டத்தைப் பல திசைகளில் அளந்தால் அரை மில்லிமீற்றர் குறைவும் வெளிப்பட்டுவிடும். மூலப் பதக்கத்திலிருந்து அச்செடுத்து வார்த்த போலியும் சற்றுச் சிறுத்தே இருக்கும். உருக்கிய உலோகம் ஆறும்போது சுருங்குவதே இதற்குக் காரணம்.

பெயர் இருக்கும் இடமும் இல்லாத இடமும்

எந்தப் பதக்கத்தில் பெயர் இருக்கவேண்டும், எதில் இருக்கக்கூடாது என்பதை அறிவது அடுத்த படி. இதை அறியாமையாலேயே பலர் ஏமாறுகின்றனர். சிலர் மெய்யான பொருளையும் போலியென வீசிவிடுகின்றனர்.

இரண்டாம் உலகப் போருக்கான பதக்கங்களைக் கனடா பெயர் பொறிக்காமலே வழங்கியது. பிரித்தானியாவும் அவ்வாறே செய்தது. ஆனால் இந்தியப் படையினர்க்கு வழங்கப்பட்டவற்றில் பெயர் பொறிக்கப்பட்டது. ஆகவே 1939 முதல் 1945 வரையான கனடியப் பதக்கத்தில் பெயர் காணப்பட்டால் அது அரசு இட்ட பெயரன்று. அதனால் அது போலி என்றும் ஆகாது. வீடு திரும்பிய வீரரே நகைக் கடையொன்றிற் கொடுத்துப் பொறிப்பித்திருக்கலாம். அதனைத் தனியார் பொறிப்பு என்று கூறி விற்பவன் நேர்மையானவன். அரசின் பொறிப்பு என்று கூறுபவன் அறியாதவன் அல்லது ஏமாற்றுபவன்.

முதல் உலகப் போரில் இறந்தோரின் குடும்பங்களுக்குப் பிரித்தானியப் பேரரசு அனுப்பிய வெண்கல நினைவுத் தகடு, ஏறத்தாழ 120 மில்லிமீற்றர் விட்டமுடைய வட்டமாகும். அதில் பெயர் தகட்டோடு சேர்த்து வார்க்கப்பட்டு மேலெழுந்து நிற்கும். உள்ளே வெட்டப்பட்டிருப்பின் அது பின்னாளில் நேர்ந்தது. மேலும் அதில் தரம் குறிப்பிடப்படுவதில்லை. சாவில் தளபதியும் சிப்பாயும் ஒன்றே என்னும் எண்ணத்தாலேயே அது விடப்பட்டது. தரத்தோடு கூடிய நினைவுத் தகட்டைக் கண்டால் ஐயங்கொள்க.

கனடாவுக்கே உரியது வெள்ளியாலான நினைவுச் சிலுவை. 1919ஆம் ஆண்டு டிசம்பர் முதலாம் நாள் ஏற்படுத்தப்பட்ட இது, இறந்த வீரனின் தாய்க்கும் மனைவிக்கும் வழங்கப்பட்டது. இதன் பின்புறத்தில் இறந்தவரின் இலக்கமும் தரமும் பெயரும் செதுக்கப்பட்டிருக்கும். நடுவிலுள்ள அரச எழுத்து முதற் போருக்கு ஐந்தாம் ஜோர்ஜினுடையது, இரண்டாம் போருக்கு ஆறாம் ஜோர்ஜினுடையது. பின்புறத்துப் பெயருக்குரியவர் இறந்த ஆண்டும் முன்புறத்து மன்னரும் ஒத்துப்போகின்றனவா என்று பார்த்தல் வேண்டும். இதைச் சந்தையிற் காணும்போது, ஒரு தாய் கழுத்தில் அணிந்த பொருள் இது என்பதையும் நாம் மறக்கலாகாது.

எமது நாட்டுப் பக்கத்துப் பொருட்களிலும் இவ் விதி உண்டு. 1795 செப்ரெம்பரில் யாழ்ப்பாணக் கோட்டையையும், 1796 பெப்ரவரியில் கொழும்பையும் ஒல்லாந்தரிடமிருந்து ஆங்கிலேயர் கைப்பற்றினர். அப் படையெடுப்பில் வந்த வங்காளப் பீரங்கிப் படையினர்க்கு, ஆங்கிலமும் பாரசீகமும் எழுதிய பதக்கம் ஒன்றைக் கிழக்கிந்தியக் கம்பனி வழங்கியது. தங்கத்தில் இரண்டும் வெள்ளியில் ஏறத்தாழ 120உம் மட்டுமே செய்யப்பட்டன. இதனை மலிவு விலையில் ஒருவர் நீட்டினால் மெய்யாயிருக்கும் வாய்ப்பு எவ்வளவு என்பதை வாசகரே கணித்துக்கொள்ளலாம். 1799இல் திப்பு சுல்தானின் சீரங்கப்பட்டணம் வீழ்ந்ததற்கான பதக்கமோ தரத்துக்கேற்பத் தங்கம், வெள்ளி, வெண்கலம், ஈயம் போன்ற வெள்ளீயம் என வேறுபட்டது. தமிழர் பலர் இருந்த சென்னை இராணுவத்துச் சிப்பாய்க்குக் கிடைத்தது வெள்ளீயமே. அப் பதக்கங்கள் பெயரின்றியே வழங்கப்பட்டன.

வெள்ளியானால் மெய், வெண்கலமானால் போலி என்று எண்ணுவதும் தவறு. முதல் உலகப் போரில் இந்திய, சீன, மால்ற்றா நாட்டுத் தொழிற்படையினர்க்கு அதே பிரித்தானியப் போர்ப்பதக்கம் வெண்கலத்தில் வழங்கப்பட்டது. துப்பாக்கி ஏந்தியவனுக்கு வெள்ளி; மண்வெட்டி ஏந்தியவனுக்கு வெண்கலம். பாட்டனாரின் வெண்கலப் பதக்கத்தைப் போலியென எண்ணி எறிந்தவர், அவருடைய உழைப்பின் ஒரே சான்றை எறிந்தவராவார்.

காகிதத்தின் சாட்சி

முதல் உலகப் போரிற் சேர்ந்த கனடியர் ஏறத்தாழ 6 இலட்சத்து 20 ஆயிரம் பேரின் கோவைகளை, ஒட்டாவாவிலுள்ள தேசிய நூலக ஆவணக் காப்பகம் 2018ஆம் ஆண்டளவில் முழுமையாகக் கணினியேற்றிவிட்டது. எவரும் இலவசமாகப் பார்க்கலாம். பிறந்த ஊர், தொழில், உயரம், உடலிலுள்ள தழும்பு, நெருங்கிய உறவினர் என யாவும் அவற்றில் உண்டு. படைவீரர் இலக்கங்கள் பட்டாலியன்களுக்குத் தொகுதி தொகுதியாக ஒதுக்கப்பட்டன. விட்பியை உள்ளடக்கிய அன்றைய ஒன்ராறியோ கவுண்டியிலிருந்து எழுந்த 116ஆம் பட்டாலியனிற் சேர்ந்தோர் பலரின் இலக்கங்கள் 745 என்று தொடங்கும். இலக்கமும் பெயரும் கோவையோடு ஒத்தால் ஒரு சாட்சி கிடைத்தது எனலாம்.

ஆயினும் இரு எச்சரிக்கைகள் உண்டு. கோவை எல்லோர்க்கும் திறந்திருப்பதால் மோசடிக்காரனும் அதனைப் பார்க்கிறான். பெயரற்ற பதக்கத்தில், விமி மேட்டில் வீழ்ந்த ஒருவரின் மெய்யான பெயரையும் இலக்கத்தையும் அவன் பொறித்துவிடலாம். காகிதம் ஒத்துப்போவதால் மட்டும் உலோகத்தை விசாரியாமல் விடலாகாது. அத்தோடு, மெய்யான விளிம்பு சொற்களில் கஞ்சத்தனம் உடையது. பெயரோடு சமரும், ஊரும், நாளும், வீரச்செயலும் ஒரே பொருளில் நிறைந்திருந்தால், அது வாங்குபவர்க்காக எழுதிய எழுத்தாகவே பெரும்பாலும் இருக்கும்.

இரண்டாவது எச்சரிக்கை இதற்கு மாறானது. சிறு முரண்பாடுகள் பொய்க்கு அடையாளம் அல்ல. விட்பியைத் தலைமையிடமாகக் கொண்டு திரட்டப்பட்ட 182ஆம் பட்டாலியன் 1917இல் இங்கிலாந்து சென்றதும் கலைக்கப்பட்டு, அதன் வீரர் வேறு பிரிவுகளுக்குப் பகிரப்பட்டனர். ஆகவே சேர்வுப் பத்திரத்தில் 182 என்றும் பதக்கத்தில் வேறொன்றும் இருத்தல் இயல்பே. புக்கம் சிங் 59இற் சேர்ந்து 20இற் போரிட்டவர். அவருடைய பெயரும் ஆங்கில எழுத்தர் காதிற் பட்டவாறு எழுதப்பட்டதே. எல்லா ஏடும் அச்சுப்பிசகாமல் ஒரே சொல்லைச் சொல்வது சிலவேளை மெய்யைவிடப் பொய்க்கே இயல்பானது.

அகதி விசாரணைகளைக் கடந்து வந்த குடும்பங்களுக்கு இதனை விரித்துரைக்க வேண்டியதில்லை. தந்தையின் பெயர் முன்னோ பின்னோ, முதலெழுத்து ஒன்றா இரண்டா, கிராமத்தின் பெயரை ஆங்கிலத்தில் எவ்வாறு எழுதுவது என்பனவற்றால் எம்மவர் பட்ட துன்பம் சிறிதன்று. எழுத்தர் ஒருவரின் கைப்பிழையால் மெய்யான மனிதன் பொய்யனாகத் தோற்றும் கொடுமையை நாம் அறிவோம். ஆகவே பிறருடைய பொருளை விசாரிக்கும்போது அந் நீதியை நாமும் வழங்கக் கடமைப்பட்டுள்ளோம்.

பெயரே இல்லாத முகாம்

விட்பியில் கூடிய கவனத்தோடு பார்க்கவேண்டிய பொருட்கள் வேறொரு வகையின. விட்பிக்கும் ஒஷாவாவுக்கும் எல்லையில், ஒன்ராறியோ வாவிக்கரையில், 1941ஆம் ஆண்டு டிசம்பர் 6ஆம் நாள் ஓர் இரகசியப் பயிற்சி முகாம் திறக்கப்பட்டது. வின்னிபெக்கிற் பிறந்த வில்லியம் ஸ்ரீவன்சன் இதன் பின்னணியில் நின்றவர். பகைவர் நாட்டினுள் இறங்கி மறைவாகச் செயற்பட வேண்டியோர் இங்கே பயிற்றப்பட்டனர். யூகோஸ்லாவியா, ஹங்கேரி, இத்தாலி ஆகிய நாடுகளிலிருந்து கனடாவில் குடியேறியோரும் அவர்களுள் இருந்தனர். தாய்மொழி அறிவே அவர்களுடைய தகுதி. பயிற்சி 1944இல் நின்றது. வானொலி நிலையம் 1969 வரை இயங்கியது. இன்று அவ்விடத்தில் பூங்காவும் 1984இல் எழுப்பிய நினைவுச் சின்னமும் உள்ளன.

‘எக்ஸ் முகாம்’ என்று இன்று யாவரும் அறிந்த அதன் உத்தியோகபூர்வப் பெயர் 103ஆம் சிறப்புப் பயிற்சிப் பாடசாலை என்பதாகும். கனடிய இராணுவத்தினர் அதனை ஜே திட்டம் என்றனர். பொலிசாரின் கோவையில் அதற்கு வெறும் எண்களே இருந்தன. இருப்பதையே மறைத்த ஓர் இடம் தன் பெயரைக் கத்தியிலும் சிகரெட் பெட்டியிலும் பொறித்துக் கொடுக்குமா? அங்கு கற்பித்தோருள் ஒருவரான வில்லியம் ஃபெயர்பேண், எரிக் சைக்ஸ் என்பவரோடு சேர்ந்து அமைத்த இருபுறக் கூர்வாள் 1941 முதல் பெருந்தொகையாகச் செய்யப்பட்டது. அதன் படிகள் இன்றும் செய்யப்படுகின்றன. அத்தகைய கத்தியொன்றில் ‘எக்ஸ் முகாம் 1942’ என்று செதுக்கியிருப்பின், கத்தி பழையதாயினும் எழுத்துப் புதியது என்றே நாம் கொள்வோம். செப்பேட்டுப் போலிக்கு நேர்ந்த கதியே இதற்கும். காலத்துக்கு முந்திய சொல் அதனைக் காட்டிக்கொடுத்துவிடும்.

எமது கைகளின் சாட்சி

இறுதிச் சாட்சி, பொருள் கைமாறி வந்த வரிசை. யார் பெற்றார், யாரிடம் கொடுத்தார், எப்போது கடல் கடந்தது என்னும் செய்தி. உலோகத்தைப் போலியாகச் செய்யலாம், காகிதத்தையும் செய்யலாம். மூன்று தலைமுறையின் நினைவை, ஒருவரோடொருவர் ஒத்துப்போகும் வகையில் போலியாகச் செய்வது அரிது. ஆனால் மற்றைய சாட்சிகள் யாவும் காத்திருக்கும். இது மட்டும் காத்திராது. பாட்டியார் மறையும்போது அதுவும் மறைகிறது.

எமக்கு இது பெரிய இழப்பு. 1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்தது. 1995 ஒக்ரோபர் இறுதியில் மக்கள் யாழ்ப்பாணத்தை விட்டு வெளியேறியபோது, கையிற் கொண்டுசெல்ல முடிந்தது சிறிதே. படங்களும் உறுதிகளும் பதக்கங்களும் வீடுகளோடு அழிந்தன. 1942, 1943ஆம் ஆண்டுகளில் சயாம் மரண இரயில் பாதை அமைக்கப் பிடித்துச் செல்லப்பட்டு மாண்ட பல்லாயிரம் மலாயாத் தமிழர்க்கோ, அராவி நீக்குவதற்குக் கூட ஒரு விளிம்பெழுத்து இருந்ததில்லை. எஞ்சியுள்ள சிலவற்றையேனும் காப்பது எமது பொறுப்பு.

ஆகவே வாசகர்க்குச் சில சொற்கள். பழைய பதக்கத்தைச் சாம்பலோ புளியோ இட்டு விளக்கவேண்டாம். கறுப்பே அதன் வயதுக்குச் சாட்சி. மங்கிய பெயரை நகைக் கடையிற் கொடுத்து மீண்டும் வெட்டுவிக்கவேண்டாம். மெய்யான எழுத்தின் மேல் புதிய உளி பட்டால் அது போலியாகவே தோன்றும். விளிம்பு முழுவதையும் சுற்றிச் சுற்றிப் படமெடுத்து வையுங்கள். பதக்கத்துக்குரியவரின் பெயர், ஊர், கடமையாற்றிய இடம், அது உங்களிடம் வந்த வழி ஆகியவற்றை வீட்டிலுள்ள முதியவர் சொல்லக் கேட்டு, தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதி, நாளிட்டு, அதனோடு வையுங்கள். பெயர் பலவாறு எழுதப்பட்டிருப்பின் அத்தனை வடிவங்களையும் குறியுங்கள். நவம்பர் 11ஆம் நாள் பாட்டனாரின் பதக்கத்தைப் பேரன் அணியும் வழக்கம் இங்கிலாந்தில் உண்டு. ஆனால் கனடாவின் குற்றவியற் சட்டக்கோவையின் 419ஆம் பிரிவின்படி, படைப் பதக்கத்தை உரிமையின்றி அணிதல் குற்றமாகும். கண்ணாடிச் சட்டத்துள் வைத்துப் போற்றுவதே முறை.

புக்கம் சிங்கின் பெயரை ஓர் எழுத்தர் தமக்குக் கேட்டவாறு எழுதினார். அச்சுக்காரர் ஒருவர் அதை அழுத்திப் பொறித்தார். அவ்வளவே அவருக்காக எஞ்சியிருந்தது. இரண்டு விரற்கடை உலோகத்தில் நின்ற அவ் எழுத்துக்கள் ஒரு மனிதனை மீட்டுக் கொடுத்தன. எமது பெட்டிகளிலுள்ள பொருட்களுக்கும் நாளை ஒருவர் பூதக்கண்ணாடியோடு வருவார். அவர் எமது பேரப்பிள்ளையாகவே இருக்கலாம். அவர் கேட்கும் கேள்விக்கு நாம் இன்று எழுதிவைக்கும் ஒரு தாளே விடையாகும்.